ஐயர் மேல் ஐயர் எழுதிய மனு

கோயில்பிள்ளை ஐயர் மேல் மனுப் போட வேண்டும் என்று முடிவு செய்தவர்கள், அதை எழுதித் தரும்படி கேட்கப் போன இடம் கோயில்பிள்ளை ஐயரின் வீடு. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தென்காசியிலிருந்து மேலகரம் போகிற ரோட்டில் இருந்த சின்ன வேதக்கோயிலின் குருவானவர் அவர். குருவானவரை ஐயர் என்பது அந்தப் பக்கத்து வேதக்காரர்களின் வழக்கம். ஆறு வருஷமாகச் சபையில் யாருக்கு எந்த மனு வேண்டுமென்றாலும் அவர்தான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து வந்தார். அவர் எழுதிய மனு எதுவும் தோற்றதில்லை. தாசில்தாருக்கு எழுதினார், கிணறு வந்தது. தண்டவாளத்தில் மேயப் போய்ச் செத்த ஓர் ஆட்டுக்காக ரயில்வேக்காரர்கள் வருத்தம் தெரிவித்துக் கடிதமே போட்டார்கள். ஆட்டுக்காரர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். இப்பேர்ப்பட்ட கை உள்ளூரில் இருக்கும்போது வெளியே அலைவானேன்?

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, சாரல். குடையை உதறிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் மரக்கடை சுவிசேஷமுத்து. தேக்கு விற்றுப் பெரிய ஆளானவர். கோயிலுக்கு ஆறு பெஞ்சு செய்துகொடுத்து, ஆறிலும் தம் பெயரைச் செதுக்கியிருந்தார். அங்கே தொழ வருகிறவர்களுக்கு இது யாருடைய வீடு என்று சந்தேகம் வர வழியில்லை. பின்னால் தாவீது கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் ஆட்களை அதட்டிக் களைத்துப்போய், இப்போது சுவிசேஷமுத்துவுக்கு ஆமாம் போட்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்.

“ஐயரவாள், ஒரு மனு எழுதணும். குத்தாலத்துப் பங்களாவுக்கு நம்ம மிஷன் சேர்மன் துரை வந்திருக்காருல்லா, அவருக்கு” என்றார் சுவிசேஷமுத்து.

“எழுதிருவோம் அண்ணாச்சி. யார் மேல?”

“உங்க மேலதான்.”

ஐயர் பேனாவைக் கையில் எடுத்தார். “ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?” என்று வாய் கேட்டது. அவருக்கும் அவர் வாய்க்கும் என்றைக்குமே அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. கொஞ்சம் கழித்து, “துரைக்குத் தமிழ் நல்லாத் தெரியுமே, அண்ணாச்சி?” என்றார்.

“அதனாலதான் சொல்லுதேன். தமிழ்ல எழுதினா துரை படிச்சிருவாரு. இங்கிலீஷ்ல எழுதினாத்தான் மதிப்பாரு.”

“ஆமா, மதிப்பாரு” என்றார் கங்காணி.

“கெட்ட எண்ணம் ஒண்ணுமில்ல ஐயரவாள். உங்கள இங்கன இருந்து மாத்தணும், அம்புட்டுத்தான். குத்தாலத்துல ஒரு பிரசங்கியார் பந்தல் போட்டுப் பேசுதாரு பாருங்க, அருவிச் சத்தமே கேக்கல. அப்படியாப்பட்ட ஆள் வேணும் சபைக்கு. நீங்க பேசுதது மூணாவது பெஞ்சு தாண்டமாட்டேங்குது.”

அது உண்மை. ஐயர் எழுதிக்கொண்டார்.

“பொறவு, நீங்க எழுத்துல சிங்கம், நேர்ல பூனை. கோள் சொல்லுதவன் நாக்கப் பத்திப் போன மாசம் சபைக்கு ஒரு கடுதாசி போட்டியள்லா? படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. மூணாம் நாள் பயந்து பயந்து உங்க முன்னால வந்து நிக்கேன், நீங்க என்னடான்னா, ‘முட்டுவலி தேவலையா அண்ணாச்சி’ங்கிய. ஏமாத்துன மாதிரில்லா இருந்துச்சு!”

“மோசடி” என்றார் கங்காணி.

அதன்பின் குற்றங்கள் தாமாகவே வந்தன. ஐயர் வாரத்துக்கு ஒருவரிடமாவது மன்னிப்புக் கேட்கிறார். வண்ணான் வரைக்கும் கேட்டாயிற்று. தம் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு ரயிலேறுகிறார். யாராவது குறை சொன்னால் கோபப்படாமல் யோசிக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய அருவியில் எண்ணெய் தேய்த்து, இடுப்பில் துண்டோடு ஊராரோடு ஊராராக நின்று குளித்திருக்கிறார்.

“குளிக்கத்தானே போனேன்?”

“குளிங்க, வேண்டாங்கல. ஐயர்னு தெரியுத மாதிரி குளிக்கணும்.”

ஆக ஆறு குற்றம். வியாழக்கிழமை கையெழுத்துக்குக் கொண்டுவருவதாக ஐயர் சொன்னார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை காலையிலிருந்து ஐயரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முதல் நகல் ரொம்ப நன்றாக அமைந்துவிட்டது. குற்றங்களையெல்லாம் அவ்வளவு பணிவோடு எழுதியிருந்தார். அதைப் படிக்கிற துரை அவரை மாற்றுவதற்குப் பதில் பிஷப்பாக்கிவிடக்கூடும். கிழித்தார். இரண்டாவது நகலில் தம்மைத் தாமே வெளுத்து வாங்கினார். எழுத எழுத ருசியாக இருந்தது. அந்த ருசியே சரியில்லை என்று பட்டது. அதையும் கிழித்தார். எழுந்து முற்றத்துக்குப் போனார். சாரல் அடித்தது. உள்ளே வந்தார். மறுபடி எழுந்தார்.

அவர் மனைவி ஞானப்பூ சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, வாலுல தீப்பிடிச்ச மாதிரி சுத்துதிய?”

“தாழ்மையா எழுதணும்னு பாக்கேன். வரமாட்டேங்குது.”

“மாடன அன்னைக்குத் திருப்பி அனுப்பினியளே, அதும் தாழ்மைதானோ?”

சுளகு ஒரு தடவை கூட நிற்கவில்லை. ஐயர்தான் நின்றார்.

மாடன் குடும்பமும் இன்னும் நாலு குடும்பமும் போன வருஷம் சேரியிலிருந்து வந்து ஞானஸ்நானம் பெற்றவர்கள். ரெஜிஸ்தரில் மாடனுக்குத் தீத்து என்று பெயர். ரெஜிஸ்தருக்கு வெளியே அந்தப் பெயர் அடியெடுத்து வைக்கவில்லை. புதுக் குடும்பங்கள் பெஞ்சுகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தன. நற்கருணை அப்பம் வாங்க எல்லாருக்கும் கடைசியில் வந்தன. அப்படி எந்தச் சட்டமும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் அழித்திருக்கலாம். ஈஸ்டர் ஞாயிறன்று மாடன், சந்தோஷத்திலோ தெரியாமலோ, முன்வரிசையோடு எழுந்து வந்து பீடத்தின் கிராதி முன்னால் நாலாவது ஆளாக முழங்கால்படியிட்டுவிட்டான். பக்கத்தில் வரவேண்டிய சுவிசேஷமுத்து நின்ற இடத்திலேயே இருமினார். ஒரே ஓர் இருமல். கையில் கிண்ணத்தோடு நின்ற ஐயர் குனிந்து, “கொஞ்சம் பொறுத்து வாப்பா” என்றார். மாடன் எழுந்து பின்னால் போனான். மறுநாள் வீட்டுக்கு வந்து, “தப்பு எம்மேலதான் ஐயரே” என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். மூன்று மாதமாக ஐயர் இதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்திருந்தார்.

அவர் உட்கார்ந்தார். ஆறு குற்றங்களையும் அவர்கள் சொன்னபடியே கூட்டாமல் குறைக்காமல் எழுதினார். அடியில் ஏழாவதாக ஒன்று சேர்த்தார். அந்த ஒரு பத்திதான் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

வியாழக்கிழமை மரக்கடையில் வைத்துத் தமிழில் பொருள் சொல்லிப் படித்தார். சுவிசேஷமுத்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆறு முடிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“நல்லா வந்திருக்கு ஐயரவாள். யார் வந்தாலும் இனிமே மனு மட்டும் நீங்கதான் எழுதணும், எந்த ஊர்ல இருந்தாலும் தபால்ல அனுப்பிருதோம்.”

“இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி” என்று ஐயர் ஏழாவதைப் படித்தார். “ஈஸ்டர் ஞாயிறன்று, சபையின் அங்கத்தினனான தீத்து என்பவன் கர்த்தருடைய பந்திக்கு முறைப்படி வந்திருக்க, முதல் மனுதாரரான சுவிசேஷமுத்து இருமியதைக் கேட்டுப் பயந்து, மேற்படி ஐயர் அவனைத் திருப்பி அனுப்பினார். மேய்ப்பனுக்குரிய அதிகாரம் இவரிடம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.”

பக்கத்தில் மரத்துக்கு வாள் போட்டுக்கொண்டிருந்த ஆள் கூட நிறுத்திவிட்டான்.

“இத எடும்” என்றார் சுவிசேஷமுத்து. ‘ஐயரவாளி’ல் இருந்த ‘வாள்’ போய் ‘ம்’ வந்துவிட்டது.

“நீங்க சொன்ன ஆறையும் ஒத்துக்கிட்டு எழுதியிருக்கேன். ஆனா அந்த ஆறுக்காக என்னை மாத்தினா துரை ஏமாந்து போவாரு. உண்மையான குத்தம் இதுதான்.”

“இதுல நான் கையெழுத்துப் போட்டா எனக்கில்லா அசிங்கம்?”

“அப்ப நான் போடுதேன்.”

“ஏழாவதும் நிஜந்தான?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்ட கங்காணி, உடனே கூரையைப் பார்த்தார்.

சுவிசேஷமுத்து அன்றைக்கே கோர்ட் வாசலில் டைப் அடிக்கிற பிச்சுமணியிடம் போய் வேறு மனு வாங்கினார். பிச்சுமணிக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் நிலத் தகராறு சம்பந்தப்பட்டது. ஆகவே மேற்படி ஐயரின் நாலு எல்லைகளையும் விவரித்து, அவரை உடனடியாகக் காலி செய்து சுவாதீனம் தரும்படி அந்த மனு பிரார்த்தித்தது.

வெள்ளிக்கிழமை குற்றாலத்தில் துரையின் மேஜையில் இரண்டு மனுக்களும் இருந்தன. துரை வேதபுஸ்தகத்திலிருந்து தமிழ் கற்றவர், அப்படியே பேசுவார்.

“ஐயரே, மனுதாரரும் எதிரியும் ஒருவராயிருக்கிறது எப்படி?”

“ஏழாவது குற்றத்துக்கு மட்டும் நான் மனுதாரர்” என்றார் ஐயர்.

“இதோ, ஞாயிற்றுக்கிழமையிலே நான் வருவேன்” என்றார் துரை.

சனிக்கிழமை முழுவதும் ஐயர் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடந்தார். என்ன எடுக்கப் போகிறோம் என்று தெரியாமல் போனார். எதையும் எடுக்காமல் வந்தார்.

ஞாயிறன்று துரை முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் வழக்கம்போல மூன்றாவது பெஞ்சு வரைக்கும் போயிற்று. நற்கருணை வேளை வந்தது. முன்பெஞ்சுக்காரர்கள் எழுந்திருக்கத் தொடங்கியபோது ஐயர் கிராதியைத் திறந்துகொண்டு இறங்கினார். பெஞ்சுகளைக் கடந்து தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் போய் நின்றார்.

“தீத்து, வாங்க.”

சின்னக் குரல்தான். ஆனால் மாடனை ‘வாங்க’ என்று ஒருவர் சொல்லி அந்தக் கோயில் கேட்டதில்லையாகையால் ஆறாவது பெஞ்சு வரைக்கும் விழுந்தது.

“ஐயரே, வேண்டாம். கடைசில வந்தா என்ன, அதே அப்பந்தான?” என்று மாடன் மெல்லச் சொன்னான்.

“அதே அப்பந்தான். அதனாலதான் கூப்பிடுதேன்.”

“எனக்காகச் சண்டை வந்துரும்.”

“உங்களுக்காக இல்ல. நான் செஞ்ச தப்பு, நான்தான் சரி செய்யணும். வாங்க.”

மாடன் வந்தான். கிராதி முன்னால் முழங்கால்படியிட்டான். பெஞ்சுகளுக்கு நடுவே நடைபாதையில் சுவிசேஷமுத்து நின்று இருமினார். ஐயர் அப்பத்தட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சுவிசேஷமுத்து மறுபடி இருமினார். ஐயர் காத்திருந்தார். எவ்வளவு பெரிய மனிதராயிருந்தாலும் ஓர் அளவுக்கு மேல் இருமிக்கொண்டே இருக்க முடியாது. இருமல் தீர்ந்து கோயில் நிசப்தமானபோது, தாவீது கங்காணி எழுந்தார். தாம் எழுந்ததைத் தாமே நம்பாதவர்போல நாலாபுறமும் பார்த்துவிட்டு, மாடன் பக்கத்தில் போய் மண்டியிட்டார். சுவிசேஷமுத்து குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஐயர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார்.

ஆராதனை முடிந்ததும் அங்கி மாற்றும் அறைக்குத் துரை வந்தார். ஐயரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நீர் செய்தது நியாயமாயிருக்கிறது. ஆகையால் உம்மை இவ்விடத்திலிருந்து மாற்றுவது அவசியமாயிருக்கிறது. சபை பிளவுபடலாகாது. செப்டம்பரிலே.”

ஐயர் தலையாட்டினார். அது நியாயமா அநியாயமா என்று யோசிக்க உட்கார்ந்தார், உட்கார முடியவில்லை. அங்கியைக் கழற்றி ஞானப்பூவிடம் கொடுத்துவிட்டுச் சாரலில் நடந்தார். மரக்கடைக்குப் பின்னால்தான் சுவிசேஷமுத்துவின் வீடு. அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாப்பிடவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

“என்ன ஓய், மன்னிப்புக் கேக்க வந்தீரா?”

“ஆமா அண்ணாச்சி.”

சுவிசேஷமுத்து நிமிர்ந்தார். “கேளும்.”

“ஈஸ்டர் அன்னைக்கே உங்ககிட்டத் தனியா வந்து, நீங்க செய்யுதது பாவம்னு சொல்லியிருக்கணும். பயந்துகிட்டுச் சொல்லல. சொல்லியிருந்தா இன்னைக்கு அத்தன பேர் முன்னால உங்களுக்கு இது வந்திருக்காது. அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்கேன். இன்னைக்குச் செஞ்சதுக்குக் கேக்க மாட்டேன்.”

“கேக்க மாட்டீரு?”

“மாட்டேன்.”

சுவிசேஷமுத்துவுக்கு இந்த மனிதரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வையலாம் என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டார். மன்னிக்கலாம் என்றால் மாட்டேன் என்கிறார்.

“துரை என்ன சொன்னாரு?”

“உங்க மனு ஜெயிச்சுட்டு. செப்டம்பர்ல மாத்துதாங்க.”

அவர் சிரிப்பார் என்று ஐயர் எதிர்பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“அதுவரைக்கும் ஆறு ஞாயித்துக்கிழமை இருக்கு” என்றார் ஐயர். “ஆறுலயும் யார் முன்னால வாராங்களோ அவங்களுக்கு முதல்ல. நீங்களும் வரணும்.”

“வரமாட்டேன்.”

“அப்ப ஆராதனை முடிஞ்சதும் நான் இங்கன வருவேன்.”

“கதவச் சாத்திக்கிடுவேன்.”

“வெளிய நிப்பேன்.”

“நனைவீரு ஓய்!”

“நனைவேன்” என்றார் ஐயர்.

சுவிசேஷமுத்து உள்ளே போனார். கதவில் கை வைத்தார். சாத்தவில்லை, வாரும் என்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து, “யாரு வந்திருக்கா?” என்று அவர் மனைவி கேட்டது காதில் விழுந்தது. வாசல் கூரையின் இறவாணத்தடியில் ஐயர் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். போகத் தோன்றவில்லை, உள்ளே நுழையவும் துணிவில்லை. எனவே நின்றார்.