கவிழ்த்த சட்டி

"நீ ஒரு வார்த்தை கூப்பிட்டா ஒங்கண்ணன் வீட்டுக்கு வந்துருவான் ஏட்டி."

"வரலேன்னா, ஐயா?"

"வராட்டா அது அவன் பாவம். நீ கூப்பிடவே மாட்டேங்கியே, அது யாரு பாவம்?"

போன வாரம் ஐயா இப்படிக் கேட்டுவிட்டுச் சிரித்ததை நினைத்தபடியே, கொதித்த தண்ணீரை ஊற்றி அவருடைய கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள் இசக்கித்தாய். அவளைப் பெற்ற ஐயா உள்ளே பாயில் கிடந்தார். விடியும்போது உயிர் போயிருந்தது.

அண்ணன் ஆறுமுகச்சாமி இளையரசனேந்தலில் நிலபுலத்தோடு இருப்பவன். அவன் சம்மதமில்லாமல் தறிக்காரர் தங்கப்பழத்தைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து தங்கையோடு பேச்சில்லை. அவனோடு இருந்த ஐயா மட்டும் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சங்கரன்கோவிலுக்கு வந்து மகள் கையால் ஒரு வேளை சாப்பிட்டுப் போவார். அப்படி வந்த ஒரு நாளில்தான் தெருவில் வாந்திபேதி கண்டது. இரண்டு முனையிலும் உடைமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். தறிகள் நின்றன. ரேஷன் கடைக்குப் போகவும் வழியில்லை.

தகப்பன் உள்ளே மாட்டிக்கொண்டது தெரிந்ததும் ஆறுமுகச்சாமி தூக்குச்சட்டியோடு ஓடிவந்தான். சுகாதார இன்ஸ்பெக்டர் விடவில்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் கொடுத்தால் பசித்த தெரு முழுக்க முள்ளில் வந்து மோதும், நோய் வெளியே வந்துவிடும், கொடுத்தால் எல்லாருக்கும் கொடு என்றார். திட்டிக்கொண்டே போனவன், மறுநாள் வண்டி நிறையக் கம்பு மூட்டைகளும் விறகும் பெரிய கொப்பரையும் கொண்டுவந்து இறக்கினான். அன்றிலிருந்து தினமும் வந்து கஞ்சி காய்ச்சுகிறான்.

முள்ளுக்கு உட்புறம் வீட்டுக்கொரு சுண்ணாம்பு வட்டம். வெந்நீரில் கழுவிய சட்டியை வட்டத்தில் வைத்துவிட்டு அவரவர் வாசலுக்குப் போய்விட வேண்டும். மூங்கில் கழியின் நுனியில் கட்டிய அகப்பையால், சட்டியில் படாமல், ஆவி பறக்கும் கஞ்சியை வெளியிலிருந்தே ஊற்றுவான். அவன் விலகிய பிறகு ஒவ்வொரு வீடாக வந்து எடுத்துப் போவார்கள். முந்த மாட்டார்கள். பசியில் துவண்ட பிள்ளைகள்கூட வாசல்படியை விட்டு இறங்காமல் நிற்பதைப் பார்க்கும்போது, சுவாமி புறப்பாட்டுக்குக் காத்து நிற்கும் கூட்டம்போல இருக்கும் இசக்கித்தாய்க்கு. இத்தனை பொறுமை இந்தத் தெருவுக்கு எங்கிருந்து வந்தது என்று வியந்து போவாள்.

பக்கத்து வீட்டுக் கோமதித்தாய் வாசலுக்கு எட்ட நின்றே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னைக்கு ஒரு நா மூடி வையி ஏட்டி. தகப்பன் இருக்காருன்னுதான் அவரு வாராரு. இல்லைன்னு தெரிஞ்சா வண்டி திரும்பிரும். மனசிருந்தாலும் தீட்டுக்காரன் அடுப்பத் தொட முடியுமா? பொறவு இந்தப் பிள்ளைகள யாரு பாப்பா?"

அவள் சொன்னதில் பொய்யில்லை. தகப்பனைப் பறிகொடுத்த மகன் காரியம் முடியும்வரை அடுப்பைத் தொடக்கூடாது, அவன் கையால் யாரும் வாங்கித் தின்னவும் கூடாது. தெரு முழுக்க வயிறுகள் அவள் கண்முன் நின்றன. ஆனால் பெற்ற தகப்பன் செத்தது தெரியாமல் அண்ணன் கஞ்சி ஊற்றிவிட்டுப் போவதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. இத்தனை வருடம் ஐயாவை ஒளித்து ஒளித்து வரவிட்டதே போதும் என்று பட்டது.

வண்டிச் சத்தம் கேட்டதும் இரண்டு சட்டிகளையும் எடுத்துக்கொண்டு போனாள். தங்கள் சட்டியை வட்டத்தில் நிமிர்த்தி வைத்தாள். ஐயாவின் சட்டியை அதன் பக்கத்தில் கவிழ்த்தாள். சாவு விழுந்த துட்டி வீட்டில் அப்படித்தான் வைப்பார்கள்.

ஆறுமுகச்சாமி வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தான். கவிழ்ந்த சட்டிக்கு நேரே அகப்பை நின்றது. கஞ்சி மண்ணில் சொட்டியது. இத்தனை நாளில் முதல் தடவையாக, வாசலில் நின்ற தங்கையை நிமிர்ந்து பார்த்தான்.

"எப்ப?"

"விடியக்காலம்."

"தண்ணி கிண்ணி குடிச்சாரா?"

"நான்தான் குடுத்தேன்."

கழியைக் கீழே போட்டான். தண்ணீர்ப் பானையைத் தூக்கித் தலையோடு ஊற்றிக்கொண்டான். நனைந்த வேட்டியோடு, வீடு இருந்த திசையைப் பார்த்துத் தெருப் புழுதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பாதிச் சட்டிகள் வெறுமையாக இருந்தன. ஒரு வாசலிலும் அசைவில்லை.

எழுந்தவன் கழியைத் தொடாமல் நின்று தெருவைப் பார்த்துக் கேட்டான்.

"தீட்டுக்காரன் ஊத்துனா வாங்குவியளா?"

அடுத்த தெருவில் சாவு என்றாலே தன் வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிற கோமதித்தாய்தான் முதலில் வாய் திறந்தாள்.

"ஊத்துங்க அண்ணாச்சி. ஆறிப்போவுது."

அவன் ஊற்றினான். மார்பிலும் தாடியிலும் ஒட்டிய புழுதியோடு, கடைசி வட்டம்வரை ஊற்றினான். யாரும் சட்டியை எடுக்க வரவில்லை. கஞ்சியில் ஆவி அடங்கும்வரை தெரு முழுவதும் கும்பிட்ட கையோடு நின்றது. இசக்கித்தாய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த மனிதனையா கல்நெஞ்சன் என்று நினைத்திருந்தோம்?

உள்ளே இருப்பவர்கள் மட்டும் தூக்கிப்போய்த் தெருக்கோடி ஓடைக்கரையில் எரித்துவிட வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியனுப்பினார். ஆறுமுகச்சாமி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். பிறகு, அதுவரை ஏறிட்டும் பார்த்திராத தங்கப்பழத்தைப் பார்த்தான்.

"கொள்ளி நீங்க வச்சிருங்க, மாப்ள."

தங்கப்பழம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆறுமுகச்சாமி கொப்பரையை வண்டியில் ஏற்றினான். மாட்டைப் பூட்டினான். இசக்கித்தாய் வாசலைவிட்டு இறங்கி நடந்தாள். அதற்குமேல் போகக்கூடாது என்று போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டில் அவள் கால் நின்றது. குரல் தெருமுனைவரை கேட்டது.

"அண்ணாச்சி, முள்ளு எடுத்ததும் எங்க வீட்டுக்கு வா."