நீலப் பெயிண்ட் அடிக்கும் காட்சி

என் தங்கச்சி புருஷனை ஒரு கார்ட்டூன் கொன்றுவிட்டது என்று மில்லில் பேசிக்கொள்கிறார்கள். எந்த மடையன் முதலில் ஆரம்பித்தான் என்று தெரிந்தால் அவன் பல்லைப் பெயர்த்துவிடுவேன். முதலில், அது கார்ட்டூனே இல்லை. "அனிமேண்ணா, அனிமே! இன்னொரு தடவ கார்ட்டூன்னு சொன்ன, நைட்டு சாப்பாடு கிடையாது" என்று தங்கச்சி என்னைத் திட்டாத நாளில்லை.

அவள் ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கும் அனிமே தொடர்களை விமர்சனம் செய்து இணையத்தில் வீடியோ போடுகிறவள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அவள், அவள் புருஷன், கல்யாணம் காட்சி என்று எதுவும் ஆகாத நான். நானும் மாப்பிள்ளையும் மர அறுவை மில்லில் ஒரே மிஷினில் வேலை. நாங்கள் வேலை முடிந்து வந்ததும் அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, வெளிச்சத்தம் விழாமல் இருக்கக் கனத்த போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு பேச ஆரம்பிப்பாள். அவளுக்கு மூச்சு முட்டக் கூடாதென்று ஒரு முனையை மாப்பிள்ளை தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். சானலுக்குப் பெயரே 'போர்வைக்குள் விமர்சனம்'. முகம் காட்ட மாட்டாள், குரல் மட்டும்தான். ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். அந்தக் குரல் எங்கள் வீட்டுக் குரல் என்று மில்லில் ஒருத்தனுக்கும் தெரியாது.

அவள் கடைசியாக எடுத்த தொடரில் ஒரு கம்பெனி மலை மலையாக மரம் வெட்ட வருகிறது. வாய் பேசாத ஒரு பெண் சுத்தியலோடு காட்டுக்குள் போகிறாள். மரத்துக்குள் நீள ஆணிகளை இறக்கி, யாரும் பிடுங்க முடியாதபடி தலையைக் கத்தரித்துவிட்டு, மேலே மண்ணைப் பூசுகிறாள். ஆணி இருக்கும் மரத்தில் அறுவை வாள் பட்டால் வாள் உடையும், ஆளும் போவான். அதனால் அவள் அதோடு விடுவதில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் நெஞ்சு உயரத்தில் நீலப் பெயிண்டால் வளையம் போடுகிறாள். மரம் வெட்டுகிறவர்கள் தூங்கும் கொட்டகைக் கதவில், 'வளையம் போட்ட மரத்தைத் தொடாதே, செத்துப்போவாய்' என்று பெரிதாக எழுதுகிறாள். இது ஐந்தாவது எபிசோட். மூன்று பேரும் கட்டிலில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம்.

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். "மச்சான், எந்தப் படத்துலயும் மரம் அறுக்கிறவன்னா வில்லன்தான். இந்தப் பொண்ணு ஒருத்திதான் நம்ம உயிரையும் ஒரு உயிரா நினைக்குது."

"போதும், ரொம்ப உருகாத. போர்வையப் பிடி" என்றாள் தங்கச்சி.

அந்த எபிசோடுக்கு அவள் போட்ட விமர்சனத்தைப் பார்த்தது போல வேறெதையும் ஜனங்கள் பார்த்ததில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் வீடியோவைப் பார்க்கவில்லை. கூடவே உட்கார்ந்து தொடரைப் பார்த்தவனுக்கு விமர்சனம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் கடைத்தெருவை அகலப்படுத்த வெட்டிய மரங்கள் மில்லுக்கு வந்தன. தெரு மரம் என்றாலே எங்களுக்கு ஆகாது. எவனாவது விளம்பரத் தகடு மாட்ட ஆணி அடித்திருப்பான். துரு வழிந்த கறை இருக்கிறதா என்று பட்டையைச் சுற்றிப் பார்த்துத்தான் ஏற்றுவோம். மாப்பிள்ளை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தான். "சுத்தமா இருக்கு மச்சான், விடு" என்றான். நான் தள்ளினேன்.

எங்கள் மிஷினில் இரண்டு பெரிய சக்கரங்களின் மேல் எஃகுப் பட்டை ஒன்று ஓடும். அதன் ஒரு விளிம்பு முழுக்கப் பல். நான் இந்தப் பக்கம் மரத் தடியைத் தள்ளுவேன், அறுந்து வரும் பலகையை அவன் அந்தப் பக்கம் வாங்குவான். பாதித் தடி போவதற்குள் பிளேடு வீறிட்டது. பொறி பறந்தது. அடுத்த நொடி எஃகுப் பட்டை அறுந்து, மூடியைக் கிழித்துக்கொண்டு அவன் பக்கம் பாய்ந்தது. அவன் கழுத்திலிருந்து தோள்வரை திறந்துகொண்டது. அவன் கத்தவில்லை. இரண்டு எட்டு வைத்து, கையிலிருந்த பலகையைக் கீழே போடாமல் சுவரோரம் சாத்தப் பார்த்தான்.

நான் சட்டையைக் கழற்றிக் கழுத்தில் வைத்து அழுத்தினேன். விரலிடுக்கில் ரத்தம் பீய்ச்சியடித்தது. கீழே மரத்தூள் முழுக்கச் சேறானது. "மிஷினை ஆஃப் பண்ணு மச்சான்" என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. யாரோ ஓடிப்போய் நிறுத்தினார்கள். அது நிற்பதற்குள் அவன் கண் நிலைத்துவிட்டது.

தடியைப் பிளந்து பார்த்தபோது உள்ளே தலை கத்தரித்த ஆணிகள் புதுசாகப் பளபளத்தன. செய்தவன் கையைக் காலை முறித்து மில் வாசலில் போடுவோம் என்று அத்தனை பேரும் கொதித்தார்கள். சத்தம் போட்டதில் நான்தான் முதல் ஆள். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல், அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்போது, நான் அவளுடைய அந்த வீடியோவைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் சிரிப்பு எங்காவது பதிவாகியிருக்காதா என்ற நப்பாசைதான். சுத்தியல் காட்சி வந்தது. பின்னாலேயே பறை அடித்தது போல இசை. ஆணி இறங்கியது, தலை போனது, மண் பூசியாயிற்று. "என்ன ஒரு காட்சி! கையெடுத்துக் கும்பிடணும்!" என்றாள் என் தங்கச்சி. அடுத்து ஆறாவது எபிசோடுக்குப் போய்விட்டாள்.

பெயிண்ட் இல்லை. திரும்ப ஓடவிட்டேன். பெயிண்ட் அடிக்கும் காட்சியே இல்லை.

கீழே கருத்துகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். ஒருத்தர் புகைப்படம் போட்டிருந்தார்: மரப்பட்டையில் பாதி இறங்கிய ஆணிகள், பின்னால் எங்கள் கடைத்தெரு மருந்துக்கடையின் பெயர்ப்பலகை. 'எங்க கடை வாசல் மரத்தையும் காப்பாத்திட்டேன் சிஸ்டர்' என்று எழுதியிருந்தார். அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். தங்கச்சி போட்டது.

அந்த நிமிடம் எனக்கு மாப்பிள்ளை போன துக்கம்கூடப் பின்னால் போய்விட்டது. இது அவளுக்குத் தெரியவே கூடாது, அது ஒன்றுதான் மனசில் நின்றது. தெரிந்தால் அவள் உயிரோடு இருக்க மாட்டாள். மில்லுக்குத் தெரிந்தால் அவளைச் சும்மா விட மாட்டார்கள். செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பினேன்.

மருந்துக்கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். வழுக்கை, கண்ணாடி, ஐம்பதை நெருங்கும் வயசு. கை கிழிந்தால் களிம்பு வாங்க அவரிடம்தான் போவோம். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார். நான் குனிந்து உள்ளே போய் முழுக்க இறக்கினேன்.

"நீங்க ஒரு படம் போட்டிருக்கீங்க. அத அழிங்க" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க... மில்லுல..."

"செத்தது என் தங்கச்சி புருஷன்."

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சத்தியமா ஆளைக் கொல்ல நினைக்கலைங்க. ஆணி இருந்தா வெட்ட மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"ஆணி இருக்குன்னு வெட்டுறவனுக்கு எப்படிய்யா தெரியும்? மை போட்டா பாப்பான்? அந்தப் பொண்ணு பெயிண்ட் அடிச்சாளே, நீ ஏன் அடிக்கல?"

"என்ன பெயிண்ட்டு?" என்றார். நடிக்கவில்லை. "நான் அந்தத் தொடரைப் பாக்கலைங்க. விமர்சனம் மட்டும்தான் பாத்தேன்."

"சரி. அழி."

"அழிக்க மாட்டேன். போலீஸ் வந்தா நான் எதைக் காட்டுறது? அந்தம்மா சொல்லித்தான் செஞ்சேன். அந்தம்மாவே இதயம் போட்டிருக்காங்க. நான் மட்டும் ஜெயிலுக்குப் போகணுமா? அந்தம்மாவும் வரட்டும்!"

அதற்கப்புறம் எனக்குக் கண் மண் தெரியவில்லை. மேஜை மேல் கையூன்றித் தாவி அவர் சட்டையைப் பிடித்து அலமாரியில் மோதினேன். கண்ணாடிக் கதவு நொறுங்கி இரண்டு பேர் மேலும் கொட்டியது. பாட்டில்கள் உருண்டு உடைந்தன. ஃபோனை அவர் வயிற்றோடு அணைத்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார். முதுகில் முழங்காலை வைத்து அவர் கையை முறுக்கினேன். "அந்தம்மா சொல்லித்தான்... அந்தம்மா..." என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அந்த வாயை மூட வேண்டும். புரட்டிப்போட்டு வாயிலேயே குத்தினேன். மறுபடி குத்தினேன். பல் ஒன்று என் விரல் முட்டியில் குத்தி இறங்கியது. தாடை விலகும் சத்தம் எனக்கே கேட்டது. மாப்பிள்ளைக்காக அடித்தேன் என்று நான் சொல்லிக்கொள்ளலாம்; பொய். அவர் பேசக் கூடாது என்றுதான் அடித்தேன்.

அவருடைய கட்டைவிரலை இழுத்து ஃபோன் மேல் அழுத்தினேன். ரத்தத்தில் வழுக்கியது. என் வேட்டியில் துடைத்து மறுபடி அழுத்த, திறந்தது. அவளுடைய சானலுக்குப் போனேன். மேலேயே ஒரு புது வீடியோ. கொஞ்சம் முன்னால் போட்டது. 'ஐந்தாவது எபிசோட், திரும்பவும்' என்று தலைப்பு. படத்தில் என் தங்கச்சியின் முகம்.

அதைத் தொட்டேன்.

"வணக்கம்" என்றாள். தலை கலைந்திருந்தது. "போர்வை பிடிக்க ஆளில்ல. அதனால இப்படியே பேசுறேன். தொடர் நல்ல தொடர். அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன். என் விமர்சனம்தான் கேவலம். ஆணி அடிக்கிறப்ப மியூசிக் பிரமாதமா இருந்துச்சு. பெயிண்ட் அடிக்கிறப்ப மியூசிக்கே இல்ல. ஜனங்க எழுந்து போயிடுவாங்கன்னு அதை எடுத்துட்டேன். இப்ப முழுசா பாருங்க."

காட்சி ஓடியது. அந்தப் பெண் தூரிகையைத் தோய்த்து மரத்தைச் சுற்றி வருகிறாள். பட்டையில் தூரிகை உரசும் சத்தம் மட்டும். கொட்டகைக் கதவில் ஒவ்வோர் எழுத்தாக எழுதி, உள்ளே தூங்குகிறவர்களை ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறாள். தரையில் கிடந்த மருந்துக்கடைக்காரர் தலையைத் திருப்பி அதைப் பார்த்தார். வாயிலிருந்து ரத்தம் வழிய, கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. நான் ஃபோனை அவருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்திருந்தேன். ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை.

மறுபடி தங்கச்சி வந்தாள். "செத்துப்போனது என் வீட்டுக்காரர். மில்லுல பலகை வாங்குறவர். அவரு போன அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆணி அடிச்சவரையும் தெரியும். படம் போட்டாரு, நான்தான் சபாஷ்னு இதயம் போட்டேன். அவரை யாரும் தொடாதீங்க. அவருக்குத் தெரியாது, நான் காட்டல. யாரையாவது கேக்கணும்னா என்னை வந்து கேளுங்க. மில்லுக்குப் பின்தெரு, தண்ணித்தொட்டிய ஒட்டின பச்சைக்கதவு. திறந்துதான் வெச்சிருக்கேன்."

அத்தோடு முடிந்துவிட்டது. நான் அப்படியே உடைந்த கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே தெரியுமாம். இத்தனை நாளும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அதைச் சுமந்திருக்கிறாள். நான் சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, அழட்டும் என்று நகர்ந்து போயிருக்கிறேன். பாவி, ஒரு தடவை உள்ளே போய் உட்கார்ந்திருக்கக் கூடாதா?

மருந்துக்கடைக்காரர் என் காலைத் தட்டினார். தாடை தொங்கியதில் வார்த்தை தெளிவாக வரவில்லை. ஏதோ சொல்கிறார் என்று குனிந்தேன். இரண்டாம் முறைதான் புரிந்தது.

"போ... போங்க. அந்தப் புள்ள... தனியா இருக்கு."

என் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். மில் மேஸ்திரி. எடுக்கவில்லை. அது நிற்பதற்குள் இன்னொரு மில்காரனின் பெயர் வந்தது, அடுத்து இன்னொருத்தன். ஷட்டரைத் தூக்கிவிட்டு, "ஐயோ யாராவது இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டே வீட்டை நோக்கி ஓடினேன். மில் விடும் நேரம் அது.