பிரிண்டருக்குக் கொடுத்த எண்

நெட்வொர்க்காரருக்கு அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குள் நுழையும்போதே கால் கடுத்தது. அதே பிரிண்டர், அதே புகார். அவர் வந்து பார்த்தால் ஓடும், தலை மறைந்ததும் படுத்துவிடும். மனுஷனுக்கு வேறு பிழைப்பே இல்லையா?

"அந்தப் பொண்ணு வந்தா படுத்துக்குது, லீவு போட்டா ஜோரா ஓடுது," என்றார் மேனேஜர். ரிப்போர்ட் கவுன்ட்டரில் உட்காரும் பெண்ணைத்தான் சொன்னார். அவளுக்கு ராசி இல்லையாம். கூடம் முழுக்க அதே பேச்சு. போன தடவை இவரும் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் போனார், பெரிய மனுஷன்!

அவள் பிரிண்டர் பக்கமே வரவில்லை. கதவோரம் நின்று, அவர் வரும்போதெல்லாம் போவதுபோல வெளியே போய்விடட்டுமா என்று கேட்டாள். இருக்கச் சொன்னார். பிரிண்டரின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்தார். வயர் தரையில் கிடக்கிறது. பிரிண்டருக்குக் கொடுத்த எண்ணிலிருந்து மட்டும் பதில் வந்துகொண்டே இருக்கிறது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் முகவரியாக ஓர் எண் உண்டு. வைஃபையில் சேரும் போனுக்கெல்லாம் ரூட்டரே தன் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடும்; தினம் வரும் போனுக்கு அதே எண்ணைத்தான் திரும்பத் தரும். பிரிண்டருக்கு அந்தக் கையிருப்பில் கைவைக்காமல் வேறு எண் கொடுக்க வேண்டும். அதை மாட்டிய அன்று இவருக்கு உடம்பெல்லாம் அலுப்பு. தோன்றிய ஓர் எண்ணில் யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்த்தார். பதில் இல்லை. போதுமடா சாமி என்று அதையே கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"பிரிண்டர் மாட்டின அன்னிக்கு நீ வேலைக்கு வந்தியாம்மா?"

"இல்லண்ணா. காய்ச்சல்னு லீவு போட்டிருந்தேன்."

போனில் வைஃபையை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். பதிலும் நின்றது.

சத்தம் போடாமல் எண்ணை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? மாற்றினார். வயரைச் செருகி, அவள் போனை மறுபடி வைஃபையில் சேர்த்து, அவளையே பட்டனை அழுத்தச் சொன்னார். பயந்து பயந்து அழுத்தினாள். காகிதம் வந்தது. பிறகு மேனேஜரைக் கூப்பிட்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"தப்பு என்னோடது. இந்தப் பொண்ணோட போனுக்கு ரூட்டர் கொடுத்த நம்பரைத் தூக்கிப் பிரிண்டருக்குக் கொடுத்தவன் நான். ராசியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

ஓடுகிறதல்லவா, விடுங்கள் என்று சொல்லிவிட்டு மேனேஜர் நகர்ந்தார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நிஜமாகவே தன்னால் இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுடைய அக்காவுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதமாகிறதாம். தன் ராசி அந்தப் பச்சைப் பிள்ளைக்கு எதற்கு என்று, வேலையைச் சாக்குச் சொல்லிப் பார்க்கவே போகவில்லையாம்.

நெட்வொர்க்காரர் வயரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது.

அவள் அதே போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்கா, சாயங்காலம் வரேன். பிள்ளையை நான் தூக்கிக்கிறேன்."