வாசல் கட்டை

தேனீ வளர்ப்போர் சங்கத்தில் கோடைக்கென்று ஒரு ஏற்பாடு உண்டு. பூவெல்லாம் காய்ந்து தேன் வரத்து நின்றுபோகும் அந்த நாட்களில் உறுப்பினர்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்துவிடுவார்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர் அவருடைய தேனீப் பெட்டிக்கும் தண்ணீர் வைக்க வேண்டும், மேலே போட்ட சாக்கை நனைக்க வேண்டும், எறும்பு ஏறாமல் பெட்டிக் கால்களுக்கு அடியிலுள்ள கிண்ணங்களில் தண்ணீர் நிரப்ப வேண்டும்.

வெல்டருக்கு ஜோடியாக வாய்த்தவர் தையல்காரம்மா. பழைய குடோன் ஒன்றின் மொட்டைமாடியில் இருவர் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

வெல்டர் சங்கத்தில் சேர்ந்த புதிதில், வலைத்தொப்பி எதற்கென்று வெல்டிங் முகமூடியையே மாட்டிக்கொண்டு வந்தவன். கீழ்வழியாக இரண்டு ஈ உள்ளே புகுந்து மூக்கைப் பதம் பார்த்துவிட்டன. அதற்குப் பிறகு அவனைக் கண்டால் சங்கமே மூக்கைத் தடவிக்கொள்ளும். இந்தக் கோடையிலாவது நல்ல பேர் எடுத்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறி. வீட்டில் மனைவியும், லீவு நாளில் மனுஷன் ஈ ஓட்டப் போகிறான் என்று தங்கைகளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மகளின் பிரசவத்துக்காகத் தையல்காரம்மா வெளியூர் கிளம்பினார். அவருடைய தேனீக் கூட்டம் நோஞ்சான் கூட்டம். அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கப் போனால் வீட்டில் சர்க்கரை தீர்ந்திருக்க, கிளம்புகிற அவசரத்தில் சிவப்பு சர்பத் பாட்டிலைத் தண்ணீரில் கலந்து பெட்டிக்குள் வைத்துவிட்டார். ரிட்டயரான கண்டக்டர்தான் சங்கத்துச் செயலாளர். விஷயம் தெரிந்ததும், ஈக்களுக்கு ஜூஸ் கடை வைத்துவிட்டாயா அம்மா என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அது சர்பத் பெட்டி ஆகிவிட்டது.

போகும்போது தையல்காரம்மா தன் பெட்டி வாசலில் ஒரு சின்ன மரக்கட்டையைச் செருகிவிட்டுப் போயிருந்தார். இரண்டு ஈ நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெல்டர் மாடிக்கு வந்தான். காலையிலிருந்து நெருப்போடு மல்லுக்கட்டி, சட்டையெல்லாம் பொத்தல் விழுந்து, உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சர்பத் பெட்டி வாசலில் நாலைந்து ஈக்கள் நின்று இறக்கையால் விசிறிக்கொண்டிருந்தன. நமக்கே மூச்சு முட்டுகிறதே, இதுகள் இந்தச் சந்துக்குள் என்ன பாடுபடும் என்று நினைத்தான். கட்டையை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த நாளே அந்தப் பெட்டி வாசலில் அப்படியொரு நெரிசல். போவதும் வருவதுமாக ஒரே திருவிழாக் கூட்டம். கீழே சில ஈக்கள் செத்துக் கிடந்தன. வெயில் என்று விட்டுவிட்டான். பெருமை தாங்காமல் தையல்காரம்மாவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, உங்க பெட்டியில நிக்க இடமில்ல. நல்லா வேலை பாக்குதுங்க. நீங்க நிம்மதியா இருங்க."

அவர் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு அவன் காதிலேயே நின்றது. சில நாளில் அந்த நெரிசல் அடங்கியது. இவனுடைய பெட்டியோ தூக்க முடியாமல் கனத்துக் கிடந்தது.

சங்கத்தார் கூடிப் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் கோடைப் பரிசோதனை நாளன்று வெல்டர் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனான். தையல்காரம்மாவும் பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். வறட்சியிலும் ஒரு பெட்டி இப்படிக் கனக்கிறதென்றால் கைராசிதான் என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் வெல்டரின் பெட்டியைத் திறந்தார். தேனடை கட்டியிருந்த ஒரு மரச்சட்டத்தை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தார்.

அடையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

யாரோ ஒருவர், சர்பத் இங்கே எப்படி வந்தது என்று சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. கண்டக்டர் சட்டத்தை மெதுவாக உள்ளே இறக்கிவிட்டு, பக்கத்துப் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே அடையெல்லாம் கிழிந்து தொங்கியது. அடியில் மரத்தூள் போல மெழுகுத்தூள். உயிரோடு ஒரு ஈ இல்லை.

"கொள்ளை போயிருக்கு" என்றார். "வலுத்த கூட்டம் உள்ள பூந்து வழிச்சுட்டுப் போயிருக்கு. வாசல்ல கட்டை இருந்திருந்தா இந்த நோஞ்சான்களே காவல் காத்திருக்கும். கட்டை எங்க?"

எல்லோரும் வெல்டரைப் பார்த்தார்கள். வாசலில் கண்ட நெரிசல் என்னவென்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

"காத்துல விழுந்திருக்கும்ண்ணே."

சரி தேடுவோம் என்று ஆளாளுக்குக் குனிந்தார்கள். தையல்காரம்மா புடவையை இடுக்கிக்கொண்டு பெட்டிக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். வெல்டரும் குனிந்தான். இல்லாத கட்டையைச் சாக்குக்குக் கீழே தேடினான், கிண்ணங்களுக்கு நடுவே தேடினான், தண்ணீர்த் தொட்டிக் கூழாங்கற்களைக்கூடப் புரட்டிப் பார்த்தான். நிமிர்ந்தபோது மனைவி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். துணி துவைக்கும்போது அவன் சட்டைப்பையில் கிடைத்த கட்டையை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த சமையலறை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தவளே அவள்தான்.

"விடுங்க தம்பி" என்றார் தையல்காரம்மா. "இந்த வெயில்ல தினம் மாடியேறி என் பெட்டியையும் பாத்தீங்களே, அதுவே பெருசு. தேன் எங்க போயிடுச்சு, தம்பி வீட்டுக்குத்தானே."

யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நேராகச் சமையலறைக்குப் போய் ஜன்னல் கட்டையைப் பிடுங்கினாள். ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. கட்டையை அவன் கையில் வைத்தாள்.

"கட்டையை எடுத்தது தெரியாத்தனம். அந்தம்மாவோட சேந்து குனிஞ்சு தேடினீங்க பாருங்க, அதுக்கு என்ன பேரு?"

அவன் கட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டான். செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி நடந்தான்.

தையல்காரம்மா வீட்டு வாசலில் மிஷின் சத்தம் கேட்டது. அவன் நிழல் துணிமேல் விழுந்ததும் சத்தம் நின்றது. வரும் வழியெல்லாம் வார்த்தைகளைக் கோர்த்துக்கொண்டே வந்தவன் கையை நீட்டினான். அவர் கட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதன் ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கியவர் அவர்தான். அடையாளம் காண நேரமாகவில்லை.

"வெக்கையா இருக்குமேன்னு நாந்தான்க்கா எடுத்தேன்."

தையல்காரம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தான். அந்தக் கோபத்துக்காக ஏங்கினான் என்றே சொல்ல வேண்டும்.

"தம்பி, அன்னைக்குப் போன்ல நிக்க இடமில்லன்னு சொன்னீங்களே" என்றார், குரலை உயர்த்தாமல். "பொண்ணு வலியில கிடந்தா. நம்ம நோஞ்சான்களே தேறிடுச்சுங்க, உனக்கென்னடின்னு சொல்லி அவளைச் சிரிக்க வச்சேன்."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வெல்டர் படியிலேயே நின்றான்.