மாப்பிள்ளையை மட்டும் அழிக்கும் ஃபார்மட்

தேவாரம் பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு ஆனி மாதம்தான் சிரமமான மாதம். இந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்று கேரளாவிலிருந்து மலையேறி இறங்குவது. ஒருமுறை ஒரு ஹார்ட் டிஸ்க்கின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் யாரோ ஒரு மலையாளியின் கல்யாண ஃபோட்டோக்கள் அதில் வந்து ஏறியிருந்தன. உரியவர் தேடி வருவார் என்று இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வரவில்லை.

அப்படி ஒரு காற்று நாளில்தான் பண்ணைப்புரத்து ஒச்சாண்டி வந்தான். திராட்சைத் தோட்டக்காரன். துண்டுக்குள் சுற்றி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கோழிக்குஞ்சை இறக்குவது போல மேஜையில் இறக்கினான். அவனுடைய மகள் வேல்விழியின் கல்யாண வீடியோ. ஸ்டுடியோக்காரர் கொடுத்தது, வேறு பிரதி இல்லை. அந்தக் கல்யாணம் ஒரு வருடம் ஓடியது. மாப்பிள்ளை ஒருநாள் கொச்சிக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். கோர்ட்டில் எல்லாம் முடிந்து, இப்போது வேல்விழிக்கு நல்ல இடம் ஒன்று கூடி வந்திருக்கிறது. மறுநாள் பூ வைக்க வருகிறார்கள். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள், தான் வீட்டுக்குள் கால் வைக்கும்போது அந்த ஆள் ஒரு படமாகக்கூட அங்கே இருக்கக் கூடாது என்று போனில் சொல்லியிருக்கிறாள்.

"அதுக்கென்ன, ஃபார்மட் போட்டுருவோம்" என்றேன்.

ஒச்சாண்டி கொஞ்ச நேரம் துண்டை மடித்தான். பிறகு கேட்டான்.

"அந்தோணியண்ணே, மாப்பிள்ளைய மட்டும் அழிக்கிற ஃபார்மட் எதுவும் இருக்கா?"

விஷயம் இதுதான். அவன் மனைவி பொன்னாத்தாள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கேமராவைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய்விடும் பெண். ஆதார் அட்டையில் இருக்கும் முகம்கூட, யாரிடமோ கடன் கேட்கப் போய் நிற்பவள் முகம். அவள் நடந்ததும் பேசியதும் இந்த வீடியோவில் மட்டும்தான் இருக்கிறது. வெட்டி எடுக்கலாமே என்று ஓட்டிப் பார்த்தேன். மருமகனுக்கு ஒரு குறை வரக் கூடாதென்று அந்த அம்மா மனிதரை விட்டு அகலவே இல்லை. மாலையைச் சரி செய்கிறாள், வேர்வைக்கு விசிறுகிறாள், செருப்பைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் இருக்கும் இடமெல்லாம் மாப்பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்.

ஒச்சாண்டிக்கு விளங்கும்படி வகைகளைச் சொன்னேன். குயிக் ஃபார்மட் என்பது பட்டாவை மட்டும் கிழிப்பது. தோட்டம் அப்படியே இருக்கும், யாருடையது, எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது. ஃபுல் ஃபார்மட் என்பது பந்தலைப் பிரித்து, கொடியை வேரோடு பிடுங்கி, குழிக்குக் குழி பூஜ்யம் நட்டுக்கொண்டே போவது. அதற்கும் கீழே லோ லெவல் ஃபார்மட் என்று ஒன்று உண்டு. டிஸ்க் பிறக்கிற தொழிற்சாலையிலேயே போடுவது. தேனியில் ஒருவர் ஆசைப்பட்டுக் கடையில் வைத்துப் போட்டார். அது போன ஆழத்தில் பக்கத்துப் பலசரக்குக் கடைக் கால்குலேட்டர் பெருக்கலை மறந்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் கடையில் கூட்டல்தான்.

ஒச்சாண்டி சிரிக்கவில்லை. "பட்டாவக் கிழிச்சா அவ உள்ள இருப்பாளா?"

இருப்பாள், ஆனால் கண்ணுக்குத் தெரியமாட்டாள் என்றேன். மேலே வேறு எதையும் எழுதாமல் வைத்திருந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளலாம்.

அவன் முகம் தெளிந்தது. அதையே போடச் சொன்னான். மகள் திறந்து பார்த்தால் காலி. ஆனாலும் பொண்டாட்டி பீரோவுக்குள் பத்திரமாக இருப்பாள். எனக்கும் அந்த ஏற்பாடு பிடித்துத்தான் இருந்தது. மவுஸில் கை வைத்தேன். ஒச்சாண்டியின் போன் அடித்தது. வேல்விழி.

ஸ்பீக்கரில் போட்டான். அழித்தாயிற்றா என்று கேட்டாள். அழிக்கப் போகிறோம் என்றான். அடுத்த கேள்வியை நாங்கள் இருவருமே எதிர்பார்க்கவில்லை.

"குயிக்கா, ஃபுல்லாப்பா?"

ஒச்சாண்டி என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பொய் சொல்ல வாயைத் திறந்த ஒச்சாண்டிக்கு வேறொன்று வந்தது.

"உள்ள அம்மா இருக்காத்தா."

வேல்விழி அந்த வீடியோவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அம்மா அதில் எங்கே இருக்கிறாள் என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். அந்த ஆள் இல்லாத இடம் எதுவுமே இல்லையா பெரியப்பா என்றாள். இன்னொரு தடவை பார்க்கிறேன், லைனிலேயே இரு ஆத்தா என்றேன்.

பந்தியில்தான் அகப்பட்டது. பொன்னாத்தாள் பாயச வாளியோடு குனிந்து நிமிர்கிறாள். கேமரா அவள் முகத்துக்கு நேராக. மாப்பிள்ளையில் தெரிவது கை மட்டும், கீழே இலைக்கு மேல். கேமராக்காரரைப் பார்த்து அவள் சொல்கிறாள்: "என்னைய எதுக்குப்பா எடுக்க? மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்கு. மாப்பிள்ளைய எடு."

சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"திரும்பப் போடுங்க பெரியப்பா" என்றது போன். போட்டேன். இன்னொரு தடவை. அதையும் போட்டேன். ஒச்சாண்டி திரையைப் பார்க்காமல் தெருப்பக்கம் திரும்பி நின்று காதால் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையை வெட்டினால் அம்மாவின் கரண்டியும், கரண்டி பிடித்த கையும் சேர்ந்து போகும் என்று சொன்னேன். மறைத்தால் அசிங்கமாக இருக்கும்.

"அந்தக் கை என்ன செய்யுது?"

"இலைக்கு மேல விரிச்சுக் காட்டுறாரு. பாயசம் போதும்னு."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு சொன்னாள்.

"போதும்னுதான சொல்லுது. கை இருந்துட்டுப் போகட்டும்."

அந்த வீடியோத் துண்டை மட்டும் பென் டிரைவில் ஏற்றினேன். அவர்கள் வீட்டு டிவி எஃப்ஏடி 32 என்கிற பழைய ஃபார்மட் வரைதான் படித்தது, மேற்கொண்டு படிக்கவில்லை. அதனால் பென் டிரைவை அதற்குத் தக்கபடி ஃபார்மட் செய்தேன். ஹார்ட் டிஸ்க்குக்கு ஃபுல் கொடுத்தேன். பச்சைக் கோடு எறும்பு போல நகர ஆரம்பித்தது. இப்போது என்ன போகிறது என்று ஒச்சாண்டி கேட்டான். டிஸ்க்குக்குள் எது முன்னே எது பின்னே என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் பெண் அழைப்பு என்றேன். கொஞ்சம் கழித்து முகூர்த்தம் என்றேன். தலையாட்டிக்கொண்டான்.

இது முடிய விளக்கு வைக்கிற நேரம் ஆகும், நீ வீட்டுக்குப் போ, நாளைக்கு வேலை கிடக்கிறது, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.

"பொண்ணப் பெத்தவன் பாதியில எந்திரிச்சுப் போனா நல்லாருக்காதுண்ணே."