ஓடைக்கு விட்ட இடம்

கடைகளுக்குப் பின்னால் ஓடும் ஓடையைக் கான்கிரீட் போட்டு மூடி, மேலே வண்டி நிறுத்த இடம் பண்ணலாமா என்று வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் கேட்டதும் எல்லாக் கைகளும் மேலே போயின. ஒருத்தி மட்டும் கையை மடியை விட்டு எடுக்கவில்லை. அவள் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். தெருவில் அவளுக்குப் பெயர் கத்தரி. தொழிலுக்காக மட்டும் வந்த பெயர் அல்ல. பேச்சும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

"என்ன கத்தரி, தூங்கிட்டியா? கையைத் தூக்கு" என்றார் சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர்.

"தூங்கல. எனக்கு இதுல சம்மதம் இல்ல."

"ஏனாம்?"

காலையிலிருந்து மாலைவரை நின்றபடியே செய்கிற வேலை அவளுடையது. நடுவில் பின்னறைக்குப் போய் ஈரத் துண்டுகளைக் காயப்போடும்போது மட்டும் சின்ன ஜன்னல் வழியாக ஓடையைப் பார்ப்பாள். குப்பைக்கு நடுவிலும் அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்க்கிற கொஞ்ச நேரம் கால் வலி தெரியாது. இதை இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"அங்க ஒரு மீன்கொத்தி வருது" என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிக்காதவள் அவளுடைய அண்ணி மட்டும்தான். அண்ணி என்றால் கணவரின் அக்கா. ஒட்டினாற்போல இருக்கும் பக்கத்து பேக்கரிக்குச் சொந்தக்காரி. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"என் மானத்தை வாங்கிட்டியே! வண்டி விட இடமில்லாம வர்றவங்க எல்லாம் அடுத்த தெருவுக்குப் போறாங்க. நீ என்னடான்னா அந்த நாத்தத்துக்கு வக்காலத்து வாங்குற."

"நாத்தம் ஓடையோடது இல்ல அண்ணி. நாம கொட்டுற குப்பையோடது."

"அப்ப நீயே போய் வாரு!"

"வாருறேன்."

கோபத்தில் விழுந்த வார்த்தைதான். ஆனால் சொன்னதை மென்று விழுங்கும் பழக்கம் கத்தரிக்குக் கிடையாது. அடுத்த விடுமுறை நாள் காலையில் கணவரின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கிவிட்டாள்.

டயர் வந்தது. பாதி மெத்தை வந்தது. சேற்றில் புதைந்து கிடந்த ஒரு சுழல் நாற்காலியை முக்கி முனகி இழுத்து வெளியே போட்டபோதுதான் அது எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. அவள் கடையின் பழைய நாற்காலியேதான். யாரைத் திட்டுவது? மறுபடி குனிந்தாள்.

கணவர் குழாய் வேலை பார்ப்பவர். வேலைக்குக் கிளம்பியவர் கரையில் வந்து நின்றார்.

"பூட்ஸ் எனக்கு வேணும்."

"இறங்கி வந்து வாங்கிக்கோங்க."

இறங்கினார். அன்றைக்கு அவர் வேலைக்குப் போனபாடில்லை.

அதற்குப் பிறகு கத்தரி தன் நாற்காலியில் உட்கார்ந்த யாரையும் ஓடை வேலைக்கு இழுக்காமல் விடவில்லை. கழுத்தைச் சுற்றித் துணி கட்டியாயிற்று, பாதி முடியும் வெட்டியாயிற்று என்றால் எழுந்து ஓடவா முடியும்? பஸ் ஓட்டுநர் ஒருவர் வெட்டி முடிப்பதற்குள் கடப்பாரை கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார். ஆசிரியை ஒருத்தி ஒரு வகுப்பையே அழைத்துவந்தாள். குப்பை போகப் போக அடியிலிருந்த கூழாங்கற்கள் தெரிய ஆரம்பித்தன. கணவர் பழைய செங்கல்லை வைத்துப் படி கட்டினார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சாப்பாட்டு இடைவேளையில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்தாள். மறுநாள் இன்னொருத்தியையும் கூட்டிவந்தாள். பிள்ளைகள் தலைப்பிரட்டை பிடிக்கக் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் தூண்டிலோடு வந்து, ஒரு மீனும் கிடைக்காமல், முகமெல்லாம் திருப்தியாகத் திரும்பிப் போவார்.

மருந்துக்கடைக்காரரே, "சரி, மறுபடி பேசலாம்" என்று இறங்கிவந்த நேரத்தில்தான் மழை பிடித்தது.

விடிய விடியக் கொட்டிய மழையில் ஓடை கரை தாண்டியது. பேக்கரியின் பின்னறைக்குள் புகுந்து மாவு மூட்டைகளை எல்லாம் நனைத்துவிட்டது. கத்தரி ஓடிப்போய்ப் பார்த்தபோது அண்ணி முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அண்ணி கத்தவில்லை.

"பாரு. உன் ஓடை வந்திருக்கு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

நகராட்சியிலிருந்து பெண் பொறியாளர் ஒருவர் வந்தார். கடைக்காரர்கள் எல்லாரும் கரையில் கூடினார்கள். இப்போதே மூடிவிடச் சொல்வார் என்றுதான் நினைத்தார்கள். அவர் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த பின்னறைகளைக் காட்டினார்.

"இதெல்லாம் ஓடையோட கரை. நீங்க ரூம் கட்டிக் கட்டி அதை ஒடுக்கிட்டீங்க. தண்ணி எங்க போகும்? மூடினா இதே தண்ணி தெரு வழியா முன்வாசலுக்கு வரும். பின்னறைகளை எடுத்துட்டு, கரையைச் சரிவா வெட்டி நாணல் வெச்சா வேகம் குறையும்."

"அப்ப நாங்க இடிக்கணுமா?" என்று கேட்டாள் அண்ணி.

"இதெல்லாம் அந்தக் காலத்துல அனுமதியோட கட்டினது. என்னால உத்தரவு போட முடியாதும்மா. நீங்கதான் முடிவு பண்ணணும்."

கடையைக் கவனிக்கணும் என்று ஆளாளுக்கு நழுவினார்கள். கூட்டம் கலைந்துவிட்டது.

கத்தரியின் பின்னறையில்தான் தலை கழுவும் தொட்டி, வெந்நீர் பாய்லர், துண்டுக் கொடி எல்லாம் இருந்தன. அது போனால் தொட்டியை முன்னால் கொண்டுவர வேண்டும். முன்னால் இருக்கும் இரண்டு நாற்காலிகளில் ஒன்று போய்விடும். அதாவது வருமானத்தில் பாதி. சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள்.

"இடிச்சிடலாம்ங்க."

"போன வருஷம்தான் அதுல புதுக் குழாய் போட்டேன்."

"தெரியும்."

"டைல்ஸும் நான்தான் ஒட்டினேன்."

"அதுவும் தெரியும்."

அவர் தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்தார். பிறகு, "பெரிய சுத்தியல் வண்டியிலதான் கிடக்கு" என்றார்.

முதல் அடியை அவளே அடித்தாள். சுவர் அசையவில்லை, கைதான் தோள்வரை அதிர்ந்தது. இரண்டாவது அடிக்குக் காரை உதிர்ந்தது. சத்தம் கேட்டுத் தெருவே பின்பக்கம் வந்துவிட்டது.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நீ ஒருத்தி இடிச்சு என்ன ஆகப்போகுது?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அடுத்த மழைக்குள்ள முடிக்கணும். தள்ளி நில்லுங்க, கல்லு தெறிக்கும்."

அண்ணி மட்டும் வரவில்லை. பாதிச் சுவர் விழுந்த பிறகுதான், கையில் மாவு ஒட்டியிருக்க, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உன் ரூம் மட்டும் போனா தண்ணி நேரா என் சுவத்துலதானே வந்து மோதும்?"

"ஆமா அண்ணி."

"தெரிஞ்சுதான் இடிக்கிறியா?"

கத்தரி சுத்தியலைக் கீழே வைத்தாள். மூச்சு வாங்கியது. "தெரியும். அதனால, நீங்க இடிக்காட்டியும் உங்க சுவர் ஓரமா நான் கல்லு அடுக்கித் தர்றேன். ஆனா என் பக்கம் இடிக்கிறதை நிறுத்த மாட்டேன். என் சுவரும் சேர்ந்துதான் உங்க மாவை நனைச்சுது."

அண்ணி சரிந்து கிடந்த டைல்ஸையும், தலையெல்லாம் சுண்ணாம்பாக நின்ற தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டேய், என் பின்னறைச் சுவர் எவ்வளவு கனம்டா?"

"உன் கனம்தான்க்கா."

"செருப்பு பிஞ்சிடும்" என்றபடி அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

பேக்கரிக்கு அடுத்து தையல்கடையும் இடிக்க இறங்கியது. அதன்பின் செருப்புக்கடை. காலியான இடத்தில் கரையைச் சரிவாக வெட்டி நாணல் நட்டார்கள். மருந்துக்கடைக்காரர் கடைசிவரை இடிக்கவில்லை. இன்றைக்கும் அவர் அறை மட்டும் கரையில் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் அடுத்த கூட்டத்தில், மூடவேண்டாம் என்று தூக்கிய கைகளை மனம் கசந்து எண்ணிச் சொன்னவர் அவர்தான். வண்டிகளுக்குப் பழைய கிடங்குத் திடலை வாங்கினார்கள். அங்கே விட்டுவிட்டுக் கொஞ்சம் நடக்க வேண்டும். முதலில் முணுமுணுத்தவர்கள் இப்போது ஓடையோரமாகவே நடந்து வருகிறார்கள்.

மறுபடி பெருமழை வந்தபோது அண்ணியும் கத்தரியும் பேக்கரியின் பின்வாசலில் குடையோடு நின்று பார்த்தார்கள். தண்ணீர் கலங்கலாக ஏறி, சரிவில் பரவி, நாணலைச் சாய்த்தது. நிலைப்படிக்குக் கீழே வந்து நின்று யோசித்தது. பிறகு மெல்ல வடிந்தது.

"மருந்துக்கடைக்குள்ள போயிருக்குமோ?" என்று கேட்டாள் அண்ணி.

"கணுக்கால் அளவு போயிருக்கும். வாங்க, இறைச்சு விடலாம்."

கத்தரிக்கு இன்னமும் ஒரே நாற்காலிதான். காத்திருப்பவர்கள் பின்பக்கம் போய்த் தண்ணீரோரம் உட்கார்ந்துகொள்கிறார்கள். சிலரை முறை வந்ததும் கூப்பிட்டுக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

ஓடையின் மேல்பாகத்தில், அடுத்த தெருக்காரர்கள் தங்கள் பக்கத்தை மூடப் போவதாகக் கேள்வி. கூட்டம் வைத்திருக்கிறார்கள். கத்தரியை யாரும் அழைக்கவில்லை. அவள் போகிறாள். அண்ணியும் கூட வருகிறாளாம்.