பதக்கத்து எலி அறுத்த வலை

1985ஆம் ஆண்டு ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமையொன்றில், நீர்வேலி முத்துக்குமாரு வீட்டு வெண்கலப் பதக்கத்தில் இருந்த எலி, மானை மூடியிருந்த வலையின் ஒரு கயிற்றைக் கடித்து அறுத்தது. அந்தப் பதக்கம் அவருடைய மகன் அருட்பிரகாசம் வாசகசாலைச் சித்திரப் போட்டியில் வென்றது. வேடனின் வலையில் மான், அதை விடுவிக்க வந்த சிநேகித எலி, மரத்தில் காகம் என்று பழைய கதையை அதில் வார்த்திருந்தார்கள். வாழைக்குலை லொறியில் கொழும்புக்குப் போன அருட்பிரகாசம் வழியில் இராணுவத்திடம் பிடிபட்டு, அப்போது தெற்கே ஏதோவொரு முகாமில் அடைபட்டிருந்தான். ஆகவே புளி போட்டுப் பதக்கத்தை மினுக்கிய தாய் பத்மாவதி, அறுந்த கயிற்றைக் கண்டதும், மகன் வரப்போகிறான் என்று முடிவு செய்தார். அதன்பின் எலி ஆறுதலாக, மெதுமெதுவாகத்தான் வேலை செய்தது. ஷெல் விழுந்த மாதங்களில் ஒன்றும் அறவில்லை. ஊரார் தேங்காய் விலை கேட்பதுபோல், எத்தனை கயிறு மிச்சம் என்று கேட்டுப் போனார்கள்.

"அக்கை, உங்கடை எலிக்குப் பல்லு விழுந்திட்டுதோ?" என்றார் பக்கத்து வீட்டு இளையதம்பி.

"அது தன்ரை பாட்டிலை கடிக்குது. நீ உன்ரை வாயைப் பொத்து."

1987 ஆவணியில், இந்திய இலங்கை ஒப்பந்தத்தை அடுத்து, முகாம்களில் அடைத்துவைத்திருந்த பெடியளை விடத் தொடங்கினார்கள். அதே கிழமை கடைசிக் கயிறும் அறுந்தது. பத்மாவதி கத்தரிக்காய்க் குழம்பு வைத்து மூடிவிட்டு, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் போய் நின்றார். மற்றவர்களின் பிள்ளைகள் இறங்கினார்கள். மகனோடு அடைபட்டிருந்த ஒருவன் அவர் முகத்தைப் பாராமல், "அம்மா, அண்ணை போன வருசமே..." என்று தொடங்கி நிறுத்திவிட்டான். வீடு திரும்பியபோது முற்றத்தில், கன்றளவு உயரத்தில், வெண்கல மான் ஒன்று வாழையிலை தின்றுகொண்டு நின்றது. பதக்கத்தில் வெறும் வலை கிடந்தது.

"நான் பிள்ளையை எல்லோ கேட்டனான். உந்த மானை ஆர் கேட்டது?" என்றார் முத்துக்குமாரு. பத்மாவதி மானுக்குத் தண்ணீர் வைத்தார். முத்துக்குமாரு எட்டு வருடம் அதை விலகியே நடந்தார். ஒருநாளும் முகம் பார்க்கவில்லை.

1995 ஐப்பசி முடிவில், இராணுவம் நெருங்கி வர, வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் எழும்பி நடந்தபோது மானும் நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் சனம் நெரிந்து, மழையில் அசையாமல் நின்றது. மான் குளிரில் நடுங்கியது. வெண்கலம் நடுங்கும் ஓசை பாலத்தில் கேட்டது. முத்துக்குமாரு பொறுத்துப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த சால்வையைப் பிழிந்து, அதன் முதுகில் போர்த்திக் கழுத்தை அணைத்தார்.

"பயப்பிடாதை மோனை, அப்பு நிக்கிறன்."

பத்மாவதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்னால் நின்ற யாரோ ஒருவர், தலையிலிருந்த பெட்டியை ஒரு கையால் பிடித்தபடி விலகி, "பிள்ளையை இஞ்சாலைப் பக்கம் விடுங்கோ ஐயா, உந்தப் பக்கம் தண்ணி ஏறுது" என்றார்.

மூவரும் அவர் விலகிவிட்ட பக்கத்தால் நடந்தார்கள்.